கேட்கப்படாதவர்களின் ஒப்புதல்



குடிகளின் ஒப்புதலும் மனித சமத்துவமும் என்ற தலைப்பில் பேச அழைத்திருக்கிறீர்கள். இவை இரண்டு தனித்தனிப் பொருள்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. தேர்தல், வாக்கு, சட்டமன்றம் எல்லாம் ஒரு பக்கம். சாதி, நிறம், இனம் என்ற ஏற்றத்தாழ்வு இன்னொரு பக்கம் என்று பிரித்து வைத்துப் பேசுவார்கள். நான் பிரிக்க மாட்டேன். மனிதர் எல்லோரும் சமம் என்று முதலில் ஏற்றுக்கொள்ளாத நாட்டில் குடிகளின் ஒப்புதல் என்று ஒன்று இருக்கவே முடியாது. அங்கே நடப்பது பெரிய கூட்டம் சிறிய கூட்டத்தை அடக்கி ஆள்வது. அதற்கு வாக்குச்சீட்டு என்ற போர்வை போர்த்தியிருப்பார்கள், அவ்வளவுதான். இதை உங்கள் முன் நிலைநாட்ட இரண்டு நாடுகளின் கதையைச் சொல்லப் போகிறேன். ஒன்று ஏழு கடல் தாண்டிய அமெரிக்கா. மற்றொன்று இந்தத் திருச்சியிலிருந்து விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய இலங்கை.

முதலில் ஓர் அடிப்படைக் கேள்வி. ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்கு எந்த உரிமையில் கட்டளையிடுகிறான்?

மாட்டை ஓட்டுகிறவர் மாட்டிடம் சம்மதம் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. மாட்டுக்கும் மனிதனுக்கும் பிறவியிலேயே வேறுபாடு இருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாயும் சம்மதம் கேட்பதில்லை. பிள்ளைக்கு இன்னும் அறிவு முதிரவில்லை. ஆனால் வளர்ந்த மனிதனுக்கும் வளர்ந்த மனிதனுக்கும் நடுவே அப்படி என்ன வேறுபாடு? ஒருவர் கெட்டிக்காரராக இருக்கலாம், ஒருவர் பலசாலியாக இருக்கலாம், ஒருவர் பணக்காரராக இருக்கலாம். அதனால் மற்றவருக்கு அவர் எஜமான் ஆகிவிடுவாரா? ஆக மாட்டார். பிறப்பால் எவரும் எவருக்கும் எஜமான் இல்லை என்றால், ஆளும் உரிமை எங்கிருந்துதான் வரும்? ஆளப்படுகிறவர் கொடுத்தால்தான் வரும். வேறு வழியே கிடையாது. சமத்துவம் என்ற வேர் இருந்தால்தான் ஒப்புதல் என்ற மரம் நிற்கும். வேரை வெட்டிவிட்டு மரத்துக்கு மாலை போடுகிற வேலையை வரலாறு நெடுகிலும் பலர் செய்திருக்கிறார்கள்.

அமெரிக்காவைப் பாருங்கள். 1776-ஆம் ஆண்டு ஜூலை 4. பிலடெல்பியா நகரில் விடுதலைப் பிரகடனம் ஏற்கப்படுகிறது. அதை முதலில் எழுதியவர் தாமஸ் ஜெஃபர்சன். அப்போது அவருக்கு வயது 33. அந்தப் பிரகடனத்தின் வரிசையைக் கவனியுங்கள். மனிதர் எல்லோரும் சமம் என்பது முன்னால் வருகிறது. அரசுகளின் நியாயமான அதிகாரம் ஆளப்படுவோரின் ஒப்புதலிலிருந்து பிறக்கிறது என்பது பின்னால் வருகிறது. தற்செயலாக அமைந்த வரிசை என்று நான் நினைக்கவில்லை. முதலாவது இல்லாமல் இரண்டாவது நிற்காது.

எழுதியவர் என்ன செய்தார்? தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளுக்கு உரிமையாளராக இருந்தார். நாடு என்ன செய்தது? 1790-இல் முதல் மக்கள்தொகைக் கணக்கு எடுத்தபோது 39 லட்சம் பேரில் ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் அடிமைகள். அதற்கு முன்பே, 1787-இல் எழுதிய அரசமைப்பில், ஒவ்வொரு மாநிலத்துக்கும் பிரதிநிதிகள் சபையில் எத்தனை இடம் என்று கணக்கிடும்போது ஐந்து அடிமைகளை மூன்று ஆட்களாக எண்ணிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். இதை நன்றாக மனத்தில் வையுங்கள். பிறகு இதற்குத் திரும்பி வருவேன். அடிமைக்கு வாக்கு இல்லை. ஆனால் அவன் தலையை எண்ணி, அவனை விலைக்கு வாங்கியவனுக்கு நாடாளுமன்றத்தில் கூடுதல் இடம். அவன் உழைப்பு எஜமானுக்கு, அவன் எண்ணிக்கையும் எஜமானுக்கு.

அடுத்து வருவதுதான் இன்றைய பேச்சின் நடுநாயகம். 1854-இல் ஸ்டீபன் டக்ளஸ் என்ற செனட்டர் கான்சாஸ்–நெப்ராஸ்கா சட்டத்தைக் கொண்டுவந்தார். புதிதாகக் குடியேறும் நிலப்பகுதிகளில் அடிமைமுறை வேண்டுமா வேண்டாமா என்பதை அங்கே குடியேறுகிறவர்களே வாக்களித்து முடிவு செய்துகொள்ளட்டும் என்றார். கேட்பதற்கு எவ்வளவு நேர்மையாக இருக்கிறது! மக்களே முடிவு செய்யட்டும் என்பதைவிட ஜனநாயகமான பேச்சு உண்டா? கூட்டம் கைதட்டியது. பலர் மயங்கினார்கள்.

மயங்காதவர்களில் ஒருவர் இல்லினாய் மாநிலத்து வழக்கறிஞர் ஆபிரகாம் லிங்கன். அதே ஆண்டு அக்டோபரில் பியோரியா என்ற ஊரில் அவர் பேசிய பேச்சின் சாரத்தைச் சொல்கிறேன். கறுப்பின மனிதன் மனிதனா இல்லையா? அதை முதலில் சொல்லுங்கள். அவன் மனிதன் இல்லை என்றால் நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். அவன் மனிதன் என்றால், வெள்ளையன் தன்னைத்தானே ஆள்வது சுயாட்சி. தன்னையும் ஆண்டுகொண்டு அவனையும் ஆண்டால் அது கொடுங்கோன்மை. மற்றவரின் ஒப்புதல் இல்லாமல் அவரை ஆளும் அளவுக்கு நல்லவர் எவரும் உலகத்தில் இல்லை.

தோழர்களே, இந்தக் கேள்வி எவ்வளவு கூர்மையானது என்று பாருங்கள். யாருடைய வாழ்க்கையைப் பற்றி வாக்கெடுப்போ, அவருக்கு மட்டும் அங்கே வாக்கு இல்லை. பத்துப் பேர் கூடி பதினோராவது மனிதனை விற்கலாமா என்று வாக்களிக்கிறார்கள். பத்துக்குப் பத்து வாக்கு விழுகிறது. அது ஒப்புதலா? யாருடைய ஒப்புதல்? விற்கப்படுகிறவனைக் கேட்டீர்களா?

1858-இல் செனட் இடத்துக்காக டக்ளஸும் லிங்கனும் ஏழு ஊர்களில் நேருக்கு நேர் வாதிட்டார்கள். அந்த இடம் டக்ளஸுக்கே கிடைத்தது. அந்த விவாதங்களில் சார்ல்ஸ்டன் என்ற ஊரில் லிங்கன் பேசியபோது, வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் அரசியலிலும் சமூகத்திலும் முழுச் சமத்துவம் வேண்டும் என்று தாம் கேட்கவில்லை என்று சொன்னார். இதை மறைத்துவிட்டு லிங்கனைப் புகழ நான் தயாராக இல்லை. அவர் எடுத்துவைத்த நியாயம் அவரைவிடப் பெரியது. அந்த நியாயமே அவரை மெல்ல மெல்ல முன்னால் இழுத்துக்கொண்டு போயிற்று. 1865 ஏப்ரல் 11 அன்று, தம் கடைசிப் பொதுப் பேச்சில், கறுப்பினத்தவரில் படித்தவர்களுக்கும் படைவீரர்களாகப் போரிட்டவர்களுக்குமாவது வாக்குரிமை கொடுக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். மூன்றே நாளில் சுடப்பட்டார்.

அடிமைமுறை அந்த ஆண்டின் இறுதியில் ஒழிந்தது. 1870-இல் நிறத்தைக் காரணம் காட்டி வாக்கை மறுக்கக் கூடாது என்று அரசமைப்பிலேயே எழுதினார்கள். அதோடு முடிந்ததா? 1890-இல் மிசிசிப்பி மாநிலம் தலைவரியும் எழுத்தறிவுச் சோதனையும் வைத்து அதே வாக்கைப் பறித்தது. மற்ற தென் மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 1965-இல் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போனவர்கள் செல்மா நகரத்துப் பாலத்தில் தடியடி பட்ட பிறகுதான் வாக்குரிமைச் சட்டம் வந்தது. எழுதியதை நடைமுறைக்குக் கொண்டுவர 95 ஆண்டுகள்!

இனி கடலுக்கு இந்தப் பக்கம் வருவோம். இந்தக் கதை நம்முடையது. கொஞ்சம் நின்று நிதானமாகச் சொல்கிறேன்.

இதே திருச்சியில்தான் 1904-இல் சிலோன் லேபர் கமிஷன் தன் தலைமை அலுவலகத்தை அமைத்தது. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் வேலையை மேற்பார்க்கும் அலுவலகம் அது. அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பிருந்தே கங்காணிகள் நம் ஊர்களுக்கு வந்து போய்க்கொண்டிருந்தார்கள். திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம், இராமநாதபுரம் சீமைகளில் மழை பொய்த்த கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆள் திரட்டினார்கள். முதலில் காப்பி. காப்பிச் செடியை நோய் அழித்த பிறகு தேயிலை. காட்டை வெட்டியது அவர்கள். மலையில் சாலை போட்டது அவர்கள். லயம் என்ற வரிசை வீட்டில் ஒற்றை அறையில் குடும்பம் நடத்தி, விடியும் முன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்று, குளிரில் கொழுந்து பறித்தது அவர்கள். இலங்கைக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்ததில் முதலிடம் அந்தக் கொழுந்துக்கு. ஊருக்குத் திரும்பலாம் என்று போனவர்களின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அந்த மலையே ஊராயிற்று.

1931-இல் இலங்கையில் ஓர் அதிசயம் நடந்தது. பிரிட்டிஷ் அரசு அனுப்பிய டொனமூர் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி, 21 வயது நிறைந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை வந்தது. அதுவரை மக்கள்தொகையில் நூற்றுக்கு நான்கு பேருக்குத்தான் வாக்கு. ஆசியாவில் வேறு எந்தக் குடியேற்ற நாடும் அப்போது இந்தப் படியை எட்டவில்லை. இலங்கைத் தேசியக் காங்கிரசின் பெரிய மனிதர்கள் இதைக் கேட்கவில்லை. தமிழ்த் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதன் எதிர்த்தார். கேட்டவர்கள் தொழிற்சங்கத் தலைவர் ஏ.ஈ. குணசிங்கவும் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தாரும். படித்தவர், சொத்துள்ளவர், மேல்சாதியார் என்ற வேலி விழுந்தது. ஆனால் ஒரு வேலி மட்டும் முழுதாக விழவில்லை. தோட்டத் தொழிலாளர்களிடம் ஐந்தாண்டுக் குடியிருப்புக்கும் நிரந்தரமாகத் தங்கும் எண்ணத்துக்கும் சான்று கேட்டார்கள்.

அந்தத் தடையைத் தாண்டி வந்த வாக்குகளாலேயே 1947 தேர்தலில் தோட்ட மக்களின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. நுவரெலியாவில் அதன் வேட்பாளர் சௌமியமூர்த்தி தொண்டமான் வென்றார். வேறு பல தொகுதிகளில் தோட்ட மக்களின் வாக்கு இடதுசாரிகளுக்குப் போயிற்று. ஆளப்பட்டவர்கள் தங்கள் ஒப்புதலையும் மறுப்பையும் சொன்னார்கள். அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் தெரியுமா?

1948 பிப்ரவரியில் இலங்கைக்கு விடுதலை. அதே ஆண்டில் பிரஜாவுரிமைச் சட்டம், இலக்கம் 18. நீ இந்த நாட்டில் பிறந்தது போதாது. உன் தகப்பன் இங்கே பிறந்தான் என்பதற்கோ, பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்கள் என்பதற்கோ சான்று கொண்டுவா என்றது சட்டம். லயத்தில் பிறந்தவனுக்குத் தகப்பனின் பிறப்புச் சான்றிதழ் எங்கே கிடைக்கும்? பாட்டனுக்கு எங்கே கிடைக்கும்? அடுத்த ஆண்டு தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பிரஜை அல்லாதவருக்கு வாக்கு இல்லை என்றார்கள். 1952 தேர்தலில் வாக்காளர் பட்டியலிலிருந்து அந்த மக்கள் துடைத்தெறியப்பட்டிருந்தார்கள். நாட்டு மக்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர்!

இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை என்றார்கள். மக்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றம், பெரும்பான்மை வாக்கு, முறையான விவாதம். எல்லாம் இருந்தன. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. 1953-இல் அங்கேயும் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பு. நான் கேட்கிறேன்: டக்ளஸ் சொன்னதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? யாருடைய குடியுரிமையைப் பற்றி முடிவோ, அவர்களின் ஒப்புதல் இல்லாமலே மற்றவர்கள் கூடி முடிவு செய்தார்கள். இதற்குக் குடிகளின் ஒப்புதல் என்று பெயர் வைக்க முடியுமா?

ஐந்து அடிமைக்கு மூன்று ஆள் என்று எண்ணினார்கள் என்றேனே, இப்போது அதற்கு வருகிறேன். இலங்கையில் ஒவ்வொரு மாகாணத்துக்கும் எத்தனை தொகுதி என்று கணக்கிட்டபோது மொத்த மக்கள்தொகையை எடுத்தார்கள். அந்த மொத்தத்தில் தோட்ட மக்களின் தலைகளும் அடக்கம். வாக்கு பறிபோன பிறகும் தொகுதிகளின் எண்ணிக்கை குறையவில்லை. மலைநாட்டில் மற்றவர்கள் குறைந்த வாக்குகளோடு அதே இடங்களைப் பெற்றார்கள். தலைக்கு இடம் உண்டு, வாக்கு இல்லை. 1787-இல் பிலடெல்பியாவில் போட்ட கணக்கு 1952-இல் கொழும்பில் திரும்பவும் பலித்தது. அமெரிக்கர்களாவது ஐந்துக்கு மூன்றுதான் எடுத்துக்கொண்டார்கள். இங்கே ஐந்துக்கு ஐந்து!

எதிர்த்தரப்பின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கண்டி மலைநாட்டுச் சிங்களக் குடியானவர்களுக்கு ஓர் உண்மையான வேதனை இருந்தது. 1840-இல் வெள்ளையர் கொண்டுவந்த முடிக்குரிய காணிச் சட்டத்தால் அவர்களின் காடும் மேய்ச்சல் நிலமும் பறிபோய்த் தோட்டங்கள் ஆயின. தம் மண்ணிலேயே தாம் சிறுபான்மை ஆகிவிடுவோமோ என்று அஞ்சினார்கள். அந்த அச்சத்தை நான் ஏளனம் செய்ய மாட்டேன். ஆனால் நிலத்தைப் பிடுங்கியது யார்? கூடை சுமந்த பெண்ணா? கங்காணியிடம் கடன்பட்டு வந்த கூலியா? பிடுங்கிய கம்பெனிக்குத் தோட்டம் இருந்தது. கொழுந்து பறித்த கைக்கு நாடு இல்லாமல் போயிற்று.

அன்று இலங்கைத் தமிழ்த் தலைவர்களுக்குள்ளும் பிளவு ஏற்பட்டது. அது தோட்டத் தொழிலாளர் பிரச்சினை, நமக்கென்ன என்று இருந்தவர்கள் உண்டு. எஸ்.ஜே.வி. செல்வநாயகம் அப்படி இருக்கவில்லை. இன்று அவர்களுக்கு நேர்ந்தது நாளை மொழியின் பெயரால் நமக்கும் நேரும் என்று எச்சரித்தார். தம் கட்சியை விட்டு வெளியேறி 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அவர் எச்சரித்து ஏழெட்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை.

அதே 1949-இல் பாக் நீரிணையின் இந்தக் கரையில் என்ன நடந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். நவம்பர் மாதம் நம் அரசமைப்பு ஏற்கப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும், நிலமில்லாதவருக்கும், சேரியில் ஒதுக்கப்பட்டவருக்கும், பெண்ணுக்கும் ஒரே வாக்கு என்றது. முதல் பொதுத்தேர்தலில் 17 கோடிக்கும் மேற்பட்ட வாக்காளர்கள். ஒரு கரையில் கோடிக்கணக்கானவருக்குக் கதவு திறந்த அதே ஆண்டில், மறு கரையில் அவர்களின் பங்காளிகளுக்கே கதவு அடைபட்டது. அதனால் நாம் பெருமைப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாமா? அண்ணல் அம்பேத்கர் அப்போதே அரசமைப்பு நிர்ணய அவையில் எச்சரித்தார்: அரசியலில் சமத்துவம், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் ஏற்றத்தாழ்வு என்ற முரண்பாட்டோடு நாம் நுழைகிறோம், அதை நெடுங்காலம் நீடிக்க விட்டால் ஜனநாயகத்துக்கே ஆபத்து என்று. தலித் ஒருவர் ஊராட்சித் தலைவராகித் தம் நாற்காலியில் உட்கார முடியாத கிராமம் ஒன்று இருந்தாலும், அங்கே விழுந்த வாக்கு இன்னும் ஆட்சி ஆகவில்லை என்றுதான் பொருள்.

மலையகத்துக்கு, அந்தத் தோட்ட மக்களின் கதைக்குத் திரும்புவோம். குடியுரிமைக்கு விண்ணப்பிக்க 1949-இல் வந்த வேறொரு சட்டத்தின்கீழ் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை கிடைத்தது ஒன்றே கால் லட்சத்துக்குச் சற்று மேற்பட்டவருக்குத்தான். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் டெல்லியில் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இரண்டு அரசுகளும் ஒப்புக்கொண்டன. இரண்டுமே மக்கள் தேர்ந்தெடுத்த அரசுகள். ஒப்புக்கொள்ளாதவர்கள், ஏன், கேட்கவே படாதவர்கள், அந்த 9,75,000 பேர்தான். இந்த ஒப்பந்தத்தில் நம் நாட்டுக்கும் சரிபாதிப் பொறுப்பு உண்டு என்பதை நாம் பேசுவதே இல்லை.

இந்தியாவுக்கு என்று ஒதுக்கப்பட்டவர்கள் அட்டனில் ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேசுவரத்தில் இறங்கினார்கள். பலர் அதுவரை இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. நீலகிரியில் அவர்களுக்காக 1968-இல் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியது. மற்றவர்கள் எங்கெங்கோ சிதறினார்கள். இலங்கையில் தங்கியவர்களின் கதை நெடிய போராட்டத்துக்குப் பிறகு 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு கரை சேர்ந்தது. நாடற்றவர் என்ற பெயர் அங்கே நீங்க 55 ஆண்டுகள் ஆயின.

இங்கே? இங்கேதான் என் பேச்சின் கடைசிப் பகுதி. இலங்கையில் போர் மூண்டதும் கப்பல் போக்குவரத்து நின்றது. அங்கே தமிழருக்கு எதிராக நடந்த 1983 கலவரத்துக்குப் பிறகு மலையக மக்களிலும் பலர் படகேறி வந்தார்கள். அவர்களில் சிலர் அந்த ஒப்பந்தப்படியே இந்தியக் குடியுரிமைக்கு உரியவர்கள். கப்பலில் வந்திருந்தால் குடிமக்கள். படகில் வந்ததால் சட்டத்தின் கண்ணில் அத்துமீறி நுழைந்தவர்கள். நம் ஊர் விமான நிலையத்துக்கு அருகே கொட்டப்பட்டில் ஒரு முகாம் இருக்கிறது. அங்கே வாழும் மலையகத் தமிழர் தொடுத்த வழக்கில் 2019 ஜூனில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களை அரசு பரிசீலிக்க வேண்டும் என்று பரிவோடு தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைக் குறிப்பிட்டது. இலங்கை அதில் இல்லை. முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாறியிருக்கிறது. அங்கே பிறந்து, நம் பள்ளிகளில் படித்து, நம் வரியைக் கடையில் கொடுத்து, நம் சட்டத்துக்குக் கீழ்ப்படிந்து வளர்ந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு இன்னும் வாக்கு இல்லை.

இந்த அரங்கில் இருக்கும் உங்களுக்கு வாக்கு இருக்கிறது. அடுத்த தேர்தலில், எந்தக் கட்சியானாலும் சரி, உங்கள் வாசலுக்கு வந்து கை கூப்பும் வேட்பாளரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். கொட்டப்பட்டு முகாமில் இருப்பவர்களுக்காக நாடாளுமன்றத்தில் என்ன பேசப் போகிறீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லாதவரை வாசலிலேயே நிறுத்தித் திரும்பவும் கேளுங்கள். அவர்களால் கேட்க முடியாது. நீங்கள்தான் கேட்க வேண்டும்.